இறையாண்மையும் அயல்நாட்டுப் படையும்

ஒரு மண்ணில் வேற்றுப் படை கால்வைக்க எவருடைய இசைவு வேண்டும்? இறையாண்மை என்னும் சொல்லின் பொருள் இவ்வினாவில் அடங்கியுள்ளது. பிரான்சு நாட்டின் வரலாறு இதற்குத் தெளிவான சான்றுகளைத் தருகிறது.

நடு ஆப்பிரிக்காவிலுள்ள காபோன் 1960-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது. அவ்வாண்டே பிரான்சுடன் பாதுகாப்பு உடன்படிக்கையும் செய்துகொண்டது. 1964 பிப்ரவரியில் படைவீரர் சிலர் குடியரசுத் தலைவர் லியோன் ம்பாவைச் சிறைப்பிடித்தனர். அவ்வுடன்படிக்கையைக் காட்டிப் பிரெஞ்சுப் படை வந்திறங்கியது. ஓரிரு நாட்களில் அவரை மீண்டும் ஆட்சியில் அமர்த்தியது. மக்கள் கருத்தை எவரும் கேட்டாரில்லை.

மாலியும் 1960-இல் விடுதலை பெற்ற நாடே. 2013 சனவரியில் வடபகுதி ஆயுதக் குழுக்கள் தெற்கு நோக்கி முன்னேறவே, இடைக்காலத் தலைவர் பிரான்சின் உதவியை வேண்டினார், படை வந்தது. பின்னர் ஆட்சியைக் கைப்பற்றிய படைத்தலைவர்களுக்கும் பிரான்சுக்கும் பகை மூண்டது. 2022 பிப்ரவரியில் படையை விலக்கிக்கொள்வதாகப் பிரான்சு அறிவித்தது. தாமதமின்றி வெளியேறுமாறு மாலி ஆட்சியினர் கூறினர். மே திங்களில் பாதுகாப்பு உடன்படிக்கைகளையும் முறித்தனர். ஆகஸ்டில் கடைசிப் பிரெஞ்சு வீரரும் நீங்கினார். அவ்வாட்சியினர் தேர்தல் வழி வந்தவரல்லர். எனினும் வெளியேறச் சொல்லும் உரிமை அந்நாட்டுக்கு இருந்தது.

பசிபிக் கடலிலுள்ள நியூ கலிடோனியாவின் நிலை வேறு. 1853-இல் பிரான்சு கைக்கொண்ட அத்தீவுகள் இன்றும் அதன் ஆட்சிப்பகுதியே. அங்குப் படை செல்வது உள்நாட்டு நடவடிக்கையாகும். இசைவு கேட்க வேறோர் அரசு இல்லை. 1988 ஏப்ரலில் ஊவியா தீவில் விடுதலை கோரிய கனாக் இனத்தவர் காவல் நிலையத்தைத் தாக்கினர், காவற்படையினர் நால்வர் மாண்டனர், பலர் பிணையாளராயினர். பிணையாளர் வைக்கப்பட்டிருந்த குகையை மே 5-ஆம் நாள் படை தாக்கியதில் 19 கனாக்கியரும் 2 படைவீரரும் உயிரிழந்தனர்.

2018, 2020 வாக்கெடுப்புகளில் பெரும்பான்மையோர் பிரான்சுடன் இருக்கவே வாக்களித்தனர் என்பதும் உண்மை. 2021 வாக்கெடுப்பை விடுதலைக் கட்சிகள் புறக்கணித்தன. ஆயின் தொல்குடியான கனாக்கியர் தம் மண்ணில் பாதிக்கும் குறைவானோர். 2024 மே திங்களில் பாரிசு நாடாளுமன்றம் வாக்காளர் பட்டியலை விரிக்க முனைந்தபோது, தம் வாக்கின் வலிமை குன்றும் என அஞ்சிக் கிளர்ந்தனர். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது; மீண்டும் படை வந்தது.

ஆட்சிப்பகுதி மக்கள் தம் வாயிலைத் தாமே அடைக்க இயலாது. விடுதலை பெற்ற நாட்டால் இயலும். ஆனால் அதன் திறவுகோலை ஆள்வோர் ஒரு கையொப்பத்தால் பிறரிடம் ஒப்படைத்துவிடலாம் என்பதற்குக் காபோன் சான்று. மீட்டுக்கொள்ளலாம் என்பதற்கு மாலி சான்று.

எனவே வரலாறு பயிலும் நம் இளைஞர்கள் விடுதலை நாளை மனனம் செய்வதோடு அமையலாகாது. அன்று எவ்வுடன்படிக்கையில் எவர் கையொப்பமிட்டார், மக்கள் அதை அறிந்தனரா என்றும் வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவும் ஆற்றலைத் தருவதே கல்வியாகும்.