பொன்னிலும் வெள்ளியிலும் தகரத்திலும்

ஒரு நகரத்தின் பெருமையை நாணயத்தில் பொறித்துக் கொண்டாடும் வழக்கம் இன்று நேற்று வந்ததன்று. கி.பி. 330 இலே கொன்ஸ்தந்தைன் பேரரசன் தன் புதிய தலைநகரைத் திறந்து வைத்த வேளையில், இரண்டு வகைச் சிறு நாணயங்கள் புழக்கத்துக்கு வந்தன. ஒன்றிலே பழைய உரோமாபுரி, தலைக்கவசம் அணிந்த ஒரு பெண்ணாகக் காட்சி தருகிறாள். மறுபுறத்தில் இரட்டைக் குழந்தைகளுக்குப் பாலூட்டும் ஓநாய். மற்றதிலே புதிய நகரமாகிய கொன்ஸ்தாந்திநோபிள். மறுபுறத்தில் கப்பலின் முனையில் நிற்கும் வெற்றித் தேவதை. இவை பொன்னுமல்ல, வெள்ளியுமல்ல. சந்தைக்குப் போய்க் கீரையும் உப்பும் வாங்கும் வெண்கலக் காசுகள். அந்த நூற்றாண்டையும் அதை அடுத்த காலத்தையும் சேர்ந்த உரோமச் சிறு காசுகள் நமது இலங்கையிலே ஆயிரக்கணக்கில் மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன.

நம்மவர் காசுக்கும் அக்காலத்தில் பெயர் இருந்தது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் "ஈழக்காசு" என்ற சொல் வருகிறது. அநுராதபுர அரசின் பிற்காலத்திலே வழங்கிய பொன் நாணயத்தைச் சிங்களத்தில் கஹவணு என்பார்கள். ஒரு புறம் நிற்கும் மனித உருவம், மறுபுறம் அமர்ந்த உருவம். கி.பி. 993 அளவில் படையெடுத்து வந்து அநுராதபுரத்தை அழித்த முதலாம் இராசராசன், தன் பெயரில் நாணயம் வெளியிட்டபோது எடுத்துக்கொண்டது இந்த இலங்கை வடிவத்தைத்தான். நகரை வென்றவன் அந்த நகரின் காசுக்குத் தோற்றுப்போனான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இவையெல்லாம் தலைநகரத்துக் கதைகள். ஊவாவுக்கு என்ன உண்டு என்று பதுளை நேயர்கள் கேட்கக்கூடும். பதுளைத் தூண் கல்வெட்டு என்று பெயர்பெற்ற ஒரு கற்றூண் உண்டு. மகியங்கனைக்கு அருகே சொரபொர வாவிப் பக்கத்தில் கண்டெடுக்கப்பட்டுப் பின்னர் பதுளைக்குக் கொண்டுவரப்பட்டது. 10 ஆம் நூற்றாண்டிலே நான்காம் உதயன் காலத்தில் வெட்டப்பட்டதென்பது அறிஞர் முடிவு. ஹோபிட்டிகம என்ற ஒரு சந்தை ஊரின் கதையை அது சொல்கிறது. அரசன் மகியங்கனைக்கு வந்த சமயம், அவ்வூர் வியாபாரிகளும் குடிகளும் அவன் முன் சென்று, அதிகாரிகள் முறைதவறி அறவிடுகிறார்கள் என்று முறையிட்டார்கள். அரசன் கேட்டான்; கட்டளை பிறப்பித்தான். எடையும் அளவும் எப்படி இருக்க வேண்டும், எந்தப் பொருளை எங்கே விற்க வேண்டும், போயா நாளிலே வியாபாரம் கூடாது, அதிகாரி எதையெல்லாம் வாங்கக் கூடாது என்று விபரமாக அதிலே எழுதப்பட்டிருக்கிறது. ஹோபிட்டிகம நாணயத்தில் ஏறிப் புகழ்பெற்ற நகரமல்ல. ஆனால் அங்கே வெற்றிலையும் பாக்கும் விற்றவனுடைய முறைப்பாடு கல்லில் ஏறிவிட்டது. பொற்காசைக் காட்டிலும் இதைத்தான் நான் பெரிதாக மதிப்பேன்.

இனி நமது காலத்துக்கு வருவோம். 1950 இலே தொடங்கப்பட்ட மத்திய வங்கி, 1957 இலே புத்த ஜயந்தியின் ஞாபகார்த்தமாக 5 ரூபா வெள்ளி நாணயம் ஒன்றை வெளியிட்டது. அதன் வட்டத்தைச் சுற்றிவரும் விலங்கு வரிசை, அநுராதபுரத்துச் சந்திரவட்டக் கல்லை நினைவூட்டுவது. பழைய தலைநகரத்தின் வாசற்படிக் கல் வெள்ளியிலே வந்து அமர்ந்தது. 5 இலட்சம் அடிக்கப்பட்டு, அவற்றிற் பாதியளவு மீண்டும் உருக்கப்பட்டதாக நாணயப் பட்டியல்கள் கூறுகின்றன. பின்னர் 1998 இலே சுதந்திரப் பொன்விழாவுக்கு 1000 ரூபா வெள்ளி நாணயமும் 5000 ரூபா பொன் நாணயமும் வந்தன.

பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் மலை ஏறிக் கொழுந்தெடுத்த நம் மக்களுக்கும் உலோக வட்டம் ஒன்று இருந்தது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

ஊவாவிலே முதலில் பயிரானது கோப்பி. 1869 இலே கோப்பி இலை நோய் இந்த நாட்டில் முதன்முதலாகக் காணப்பட்டது மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றிலேதான். கோப்பி அழிந்து தேயிலை வந்தது. கோப்பிக் காலத்திலே சனங்கள் பருவத்துக்கு வந்து போனார்கள். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே தென்னிந்தியாவிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கங்காணிமார் கூட்டி வந்தார்கள். 1901 இலே ஒரு புதிய ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் இலக்கம். அந்த இலக்கம் பொறித்த தகர வில்லை ஒன்று, வருகிற ஒவ்வொருவர் கழுத்திலும் கயிற்றிலே தொங்கியது. வழியிலே அதிகாரிகள் ஆளைக் கேட்பதில்லை, வில்லையைப் பார்ப்பார்கள். படகு, ரயில், சோறு எல்லாவற்றின் செலவும் அந்த இலக்கத்துக்குரிய தோட்டத்தின் கணக்கிலே ஏறும். தோட்டம் அதைக் கங்காணியின் கணக்கிலே வைக்கும். கங்காணி தொழிலாளியின் தலையிலே வைப்பார். ரயில் பாதை 1894 இலே பண்டாரவளைக்கு வந்தது. பதுளைக்கு வந்தது 1924 இலேதான். அதுவரை எஞ்சிய வழியைக் கால்நடையாகவே கடந்தவர்கள் அநேகர்.

தகரம் ஒன்று, அதற்குத் துணையாகக் காகிதம் ஒன்று. துண்டு என்று அதைச் சொன்னார்கள். தொழிலாளி தோட்டம் மாறவேண்டுமானால், அவன் பட்ட கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு வேண்டும். புதிய இடத்தார் அந்தக் கடனைத் தீர்த்து ஆளை எடுக்க வேண்டும். 1921 இலே சட்டம் மூலம் இது ஒழிந்தது.

நாணயத்திலே ஊரின் பெயரைப் பொறித்தால் அந்த ஊருக்கு மதிப்பு. தகர வில்லையிலே தோட்டத்தின் இலக்கத்தைப் பொறித்தது அந்த ஆளின் விலை யாருடைய கணக்கு என்று அறிவதற்கு. இரண்டும் வட்டம்தான், இரண்டிலும் ஓரிடம் பொறிக்கப்பட்டிருக்கிறது.

இன்னுமொரு நாணயத்தை இங்கே சொல்லாமல் விடமுடியாது. 1931 இலே டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் இலங்கையர் சர்வசன வாக்குரிமை பெற்றார்கள். அதன் ஐம்பதாண்டு நிறைவுக்காக 1981 இலே 5 ரூபா ஞாபகார்த்த நாணயம் வெளியானது. 1947 தேர்தலிலே இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். பதுளையிலிருந்து எஸ்.எம். சுப்பையா, தலவாக்கலையிலிருந்து நமது கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. 1948 பிரசாவுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தபின், மலையக மக்களிற் பெரும்பாலோர் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கினர். 1952 தேர்தலிலே அந்த எழுவருக்குப் பதிலாக ஒருவரும் இல்லை. 1964 இலே சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு போட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் பிறகு பார்க்கலாம் என்று. சர்வசன வாக்குரிமை நாணயம் கைக்குக் கை மாறிய 1981 இலும், தேயிலை மலைகளிலே நாடற்றவர் என்ற பெயரோடு இலட்சக்கணக்கானோர் இருந்தார்கள். "சர்வசனம்" என்ற சொல்லைத் தாங்கிய காசைக் கொடுத்து, அவர்கள் கடையிலே கருவாடு வாங்கியிருப்பார்கள். 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்களால்தான் இந்தக் கணக்கு ஒருவாறு தீர்ந்தது.

2013 ஆம் ஆண்டைப் பொறித்து, 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக 10 ரூபா நாணயங்களை மத்திய வங்கி வெளியிட்டது. பதுளைக்கும் ஒன்று, மொனராகலைக்கும் ஒன்று. சேகரிப்பாளர் இவற்றைத் தேடி வாங்கி அட்டையிலே ஒட்டி வைக்கிறார்கள், நல்லதுதான்.

நான் தேடுவது வேறு. உங்கள் லயத்திலோ, பாட்டன் பாட்டியின் றங்குப் பெட்டியிலோ, இலக்கம் பொறித்த பழைய தகர வில்லை கிடந்தால், பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். எந்தத் தோட்டம், யாருடைய கழுத்திலே வந்தது, அவர் சொந்த ஊர் எது என்று வீட்டிலே மூத்தவர்களைக் கேட்டு, ஒரு கடுதாசியில் எழுதி அதனோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.