குழந்தையின் சாட்சியமும் அதன் பதிவும்: போக்சோ வழக்குகளில் சான்றை எடைபோடுதல்

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 29-ஆம் பிரிவைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. சில குற்றங்களில், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, எதிரியே குற்றம் செய்தார் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது அப்பிரிவு. ஆனால் அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிறுவியாக வேண்டும் என்று உயர் நீதிமன்றங்கள் பல கூறியுள்ளன. மூடிய அறைக்குள் நடந்த குற்றத்தில் அவற்றை நிறுவக் குழந்தையை விட்டால் வேறு சாட்சி கிடைப்பது அரிது. ஆகவே வழக்கைத் தாங்குவது அனுமானம் அல்ல, குழந்தையின் வாய்மொழி. அதைப் பதிவுசெய்யும் முறையில்தான் நம் விசாரணை நீதிமன்றங்கள் தவறுகின்றன என்பது என் வாதம்.

வாய்மொழியை மதிப்பிடும் கோட்பாட்டில் பெருங்குறை இல்லை. 1952-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் திரட்டில் உள்ள ராஜஸ்தான் வழக்கொன்றில், சத்தியப் பிரமாணம் செய்விக்கப்படாத எட்டு வயதுச் சிறுமியின் சாட்சியத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது. வேறு சான்றின் ஆதரவு சட்டத்தின் கட்டாயமல்ல, நீதிபதி மனத்தில் கொள்ள வேண்டிய எச்சரிக்கை மட்டுமே என்று நீதிபதி விவியன் போஸ் அதில் எழுதினார். மருத்துவ அறிக்கையில் காயம் இல்லாததும் வழக்கை வீழ்த்தாது. 7-ஆம் பிரிவு சொல்லும் தொடுதல் தடயம் எதையும் விடாமலே போகலாம்.

சிக்கல் தட்டச்சு மேசையில் தொடங்குகிறது. அமர்வு நீதிமன்றத்தில் சாட்சியத்தைப் பொதுவாகக் கதைபோலத் தொடர்ச்சியாக எழுத வேண்டும், நீதிபதி விரும்பினால் வினா விடையாகவும் எழுதலாம் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276-ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் இதை மாற்றவில்லை. விளைவாக, ஏழு வயதுக் குழந்தை “ஆஜர் எதிரியை எனக்குத் தெரியும்” என்று சொன்னதாக ஆவணம் பேசுகிறது. குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் முன்வைத்த நீண்ட கூற்று முழுவதும் குழந்தையின் வாயில் ஏற்றப்பட்டு, “என்றால் சரியல்ல” என்று முடிகிறது. குழந்தை செய்தது தலையசைப்பு மட்டுமாக இருந்திருக்கலாம். எந்தச் சொல் அதனுடையது, எது கேள்வியிலிருந்து வந்தது என்று மேல்முறையீட்டு நீதிபதி எப்படிப் பிரித்தறிவார்?

முரண்பாடு என்ற வாதம் எழும்போது இதன் கேடு முழுமையாக வெளிப்படுகிறது. தாயிடம், காவலரிடம், மருத்துவரிடம், நடுவரிடம், இறுதியில் நீதிமன்றத்தில் எனக் குழந்தை ஒரே கொடுமையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. முன்பு சொல்லாத ஒன்றைக் கூண்டில் சொன்னால் அதை விடுபடல் என்று பிடித்துக்கொள்கிறார்கள். முக்கியமான விடுபடல் மட்டுமே, அதுவும் சூழலைப் பொறுத்தே, முரண்பாடாகும் என்பது சட்டம். அந்தச் சூழலில் தலையாயது, முன்பு அதைப் பற்றிக் கேட்டார்களா என்பது. கேட்கப்படாததைச் சொல்லாமல் விட்ட குழந்தையைப் பொய்யர் வரிசையில் நிறுத்துவது அநீதி. கேள்விகளே ஆவணத்தில் இல்லாதபோது இந்த அநீதி நடந்ததா என்று கண்டறியவும் வழியில்லை.

எதிரியின் நலனும் இதே பதிவில்தான் இருக்கிறது. குடும்பப் பகையிலோ, பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வழக்கிலோ சொல்லிக்கொடுக்கப்பட்ட சாட்சியம் என்று அவர் வாதிட்டால், அதைச் சோதிக்க மிகச் சிறந்த கருவி வினாக்களின் வரிசை. விடையைத் தன்னுள்ளேயே வைத்திருந்த கேள்வி எது, குழந்தை தானாகச் சொன்னது எது என்பதை அது காட்டிவிடும்.

பதிவில் உள்ள இந்தக் குறையைப் போக்கப் புதிய சட்டம் தேவையில்லை. இரு தரப்பு வழக்கறிஞர்களும் தம் கேள்விகளை நீதிமன்றத்திடம் தர, நீதிமன்றமே குழந்தையிடம் கேட்க வேண்டும் எனப் போக்சோ சட்டத்தின் 33-ஆம் பிரிவு ஏற்கெனவே பணிக்கிறது. கேட்பவரே பதிவுசெய்பவராகவும் இருப்பதால், ஒவ்வொரு கேள்வியையும் விடையையும், மௌனத்தையும்கூட, உள்ளபடி எழுதவைக்க அவரால் முடியும். காவலரும் நடுவரும் பெறும் வாக்குமூலத்தைக் குழந்தை சொன்னபடியே எழுதவும், இயன்றவரை ஒலி ஒளிப் பதிவு செய்யவும் 26-ஆம் பிரிவு சொல்கிறது. உயர் நீதிமன்றங்கள் சுற்றறிக்கை வழியே வினா விடைப் பதிவைக் கட்டாயமாக்கலாம். குழந்தையைத் திரும்பத் திரும்பச் சாட்சி சொல்ல அழைக்கக் கூடாது என்பதும் 33-ஆம் பிரிவே. முதல் நாளில் எழுதத் தவறியதைப் பின்னர் எந்த நீதிமன்றமும் எளிதில் மீட்டெடுக்க முடியாது.