சிவப்பு மை

(பட்டிமன்றத் தலைப்பு: செய்தியை மக்களிடம் உள்ளபடி சேர்ப்பது பத்திரிகையே! கைப்பேசியே! இடம்: அம்பத்தூர். 'பத்திரிகையே' அணியின் மூன்றாவது பேச்சு.)



எனக்கு முன்னால் பேசிய அம்மா ஒரு போடு போட்டாங்க. "2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையில உங்க பேப்பர் வந்துச்சா?"ன்னு கேட்டாங்க. ஒத்துக்கறேம்மா. 1878-ல் ஆரம்பித்த 'தி இந்து' நாளிதழ் அன்றைக்குச் சென்னையில் அச்சாகவில்லை. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஆட்கள் போய்ச் சேர முடியாத வெள்ளம். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. "அச்சு நின்னுச்சு, எங்க கைப்பேசி நின்னுச்சா?"ன்னு அடுத்து கேட்டாங்க பாருங்க, அங்கேதான் இடிக்குது. நின்னுச்சும்மா! கரண்ட் இல்லை, டவர் இல்லை. எங்க தெருவுல ஒருத்தர் ஆட்டோ பேட்டரியிலிருந்து வயர் இழுத்து சார்ஜ் போட்டுக் கொடுத்தார். ரேஷன் கடை வரிசை தோற்றது. (சிரிப்பு)

இதை வைத்து நான் ஜெயிக்கப் பார்க்கலை. நான் வரலாற்று வாத்தியார். கொஞ்சம் பின்னால் போய்த்தான் வருவேன், நடுவர் பொறுத்துக்கணும்.

அந்த 'தி இந்து' எப்படிப் பிறந்தது தெரியுமா? முத்துசாமி ஐயர் என்ற தமிழர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டார். முதல் இந்தியர். அன்றைக்கு இருந்த வெள்ளைக்காரப் பத்திரிகைகளுக்கு அது பொறுக்கவில்லை, தாளித்து எடுத்தன. அதைப் படித்துக் கொதித்துப்போன ஆறு இளைஞர்கள், நான்கு பேர் சட்டம் படிக்கிற மாணவர்கள், இரண்டு பேர் வாத்தியார்கள், கடன் வாங்கி ஒரு வாரப் பத்திரிகை போட்டார்கள். முதல் இதழ் எத்தனை பிரதி? எண்பது! இன்றைக்கு ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைவிட அதிகம் பேர் இருக்காங்க. (சிரிப்பு)

அவர்கள் யார்? நிருபர்களா? ஊடகத்தின் மேல் கோபப்பட்ட சாதாரணக் குடிமக்கள். "மக்களே நிருபர்" என்று எதிரணி இன்றைக்கு மார்தட்டுகிறதே, அந்தத் தாத்தா எங்க வீட்டில்தான் பிறந்தார்! (கைதட்டல்) அந்த ஆறு பேரில் ஒரு வாத்தியார் ஜி. சுப்பிரமணிய ஐயர். 1882-ல் தமிழில் 'சுதேசமித்திரன்' தொடங்கியவரும் அவர்தான்.

தமிழின் அழகைப் பாருங்க. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவரும் ஆசிரியர். பத்திரிகை நடத்துகிறவரும் ஆசிரியர். ரெண்டு பேர் கையிலும் சிவப்பு மை. பையன் பக்கம் பக்கமாக எழுதிக் கொண்டுவருவான், நாங்க ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுவோம். "இது எங்கேருந்து எடுத்தே?" அவ்வளவுதான் வேலை. நிருபர் கொண்டுவந்த செய்தியில் ஆசிரியர் போடுவதும் அதே கேள்விக்குறி. "யார் சொன்னது? நீ பார்த்தியா? எதிர்த் தரப்பைக் கேட்டியா?"

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு. சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்ட மாநாடு. ஆவடியில் நடந்ததை ஆவடிக்காரரே மறுநாள் பேப்பர் பார்த்துத்தான் முழுசாகத் தெரிந்துகொண்டிருப்பார். டீக்கடையில் ஒருத்தர் உரக்கப் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். இன்றைக்கு ஆவடி ரயில்வே கேட்டில் லாரி நின்றால், லாரிக்காரர் இறங்குவதற்கு முன்னால் படம் ஊர் சுற்றி வந்துவிடுகிறது. இது முன்னேற்றம் இல்லையா? முன்னேற்றம்தான்.

கண்ணால் கண்டவன் கொண்டுவரும் படத்துக்குப் பத்திரிகை என்றைக்குமே எதிரி கிடையாது. 1963-ல் கென்னடி சுடப்பட்டதைப் படம் பிடித்தவர் ஒரு ஆடை தயாரிப்பாளர். அதை விலை கொடுத்து வாங்கி வெளியிட்டது 'லைஃப்' பத்திரிகை. 1991-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ராட்னி கிங்கைப் போலீசார் அடித்ததை வீட்டு மாடியிலிருந்து எடுத்தவர் பிளம்பிங் வேலைக்காரர். அதை உலகத்துக்குக் காட்டியது டி.வி. நிலையம். கண் அவர்களுடையது, சிவப்பு மை இவர்களுடையது. ரெண்டும் சேர்ந்தபோது ஊர் அதிர்ந்தது.

இப்போ நம்ம ஏரிக்கு வர்றேன். செம்பரம்பாக்கம். பூந்தமல்லிக்காரனான எனக்கு அது ஏரி இல்லை, பக்கத்து வீடு. முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நீர்மட்டம், நீர்வரத்து, இருப்பு எல்லாம் பேப்பரில் தினமும் ஒரு மூலையில் வரும். 2015 நவம்பர் முழுக்க வந்தது. நான் படித்தேனா? அதைத் தாண்டி சினிமாப் பக்கம் போய்விட்டேன். அந்தக் குற்றம் பேப்பருடையது இல்லை, என்னுடையது.

டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் செம்பரம்பாக்கத்தில் மட்டும் 47 சென்டிமீட்டர் மழை. ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். கன அடி என்றால் நமக்குப் புரியாது. தண்ணி லாரி என்றால் நம்ம பக்கத்தில் குழந்தைக்கும் புரியும். 12,000 லிட்டர் லாரி, வினாடிக்கு அறுபத்தெட்டு. நான் "ஒண்ணு" என்று சொல்லி முடிப்பதற்குள் அறுபத்தெட்டு லாரித் தண்ணீர் அடையாற்றில் இறங்குகிறது.

அந்த வாரம் கைப்பேசி செய்த நன்மையை மறைத்தால் நான் வாத்தியாரே இல்லை. யார் வீட்டில் கர்ப்பிணி மாட்டிக்கொண்டிருக்கிறார், எங்கே படகு, எங்கே சாப்பாடு, எல்லாம் அதில்தான் ஓடியது. முகம் தெரியாத பிள்ளைகள் உதவி கேட்டவர்கள் பட்டியலைப் போட்டார்கள். இன்னொன்றும் சொல்றேன், கைதட்டிடாதீங்க, எதிரணிக்குப் போய்விடும். பிரதமர் விமானத்திலிருந்து வெள்ளத்தைப் பார்க்கும் படத்தை ஒட்டுப்போட்டு வெளியிட்டது மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம். அதைக் கண்டுபிடித்துக் கிழித்தவர்கள் சாதாரண ஜனங்கள். படத்தை நீக்கும்படி ஆனது. சபாஷ்!

ஆனா அதே கைப்பேசியில் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்துவிட்டதாக ஓடியது. பண்ணைக்காரர்கள் இல்லை என்று சொல்லவேண்டி வந்தது. நாசா பெயரைச் சொல்லி மழை எச்சரிக்கை ஓடியது. மீட்கப்பட்டவரை மீட்கச் சொல்லி நாலு நாள் கழித்தும் செய்தி சுற்றியது. அந்தப் பட்டியல் போட்ட பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒவ்வொரு நம்பருக்கும் போன் போட்டு, "இன்னும் அங்கேதான் இருக்கீங்களா? ஆள் வந்தாச்சா?" என்று கேட்டுச் சரிபார்த்தார்கள். பத்திரிகையில் சேராமலே பத்திரிகைக்காரர் வேலை பார்த்தார்கள்.

நான் செய்யவில்லை. டிசம்பர் 1 ராத்திரி எனக்கு ஒரு செய்தி வந்தது. "செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டது, உடனே வெளியேறவும்." யார் அனுப்பினாங்க, தெரியாது. கை பதறுது. நாலு குழுவில் தட்டிவிட்டேன். சும்மா அனுப்பினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று கீழே ஒரு வரி நானே சேர்த்தேன். "ஏரியில் வேலை பார்க்கும் நண்பர் சொன்னது, நம்பகமான தகவல்." அப்படி ஒரு நண்பர் எனக்குக் கிடையாது.

ஏரி உடையவில்லை. மதகு வழியாகத் திறந்த தண்ணீர் வேறு, உடைப்பு வேறு. தண்ணீர் திறந்தால் ஆற்றங்கரையில் இருப்பவர் எழுந்து ஓட வேண்டும். மேட்டில் இருப்பவர் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். குன்றத்தூரில் முருகன் கோயில் மலைப்பக்கம், மேட்டில், எங்க அக்கா வீடு. பதினொரு மணிக்கு அக்கா மகன் போனுக்கு அந்தச் செய்தி வந்திருக்கு. மாமாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. அவரைக் கைத்தாங்கலாக இறக்கி, பத்திரமான வீட்டைப் பூட்டிவிட்டு, தண்ணி ஓடுகிற ரோட்டுக்கு வந்திருக்காங்க. மூடி இல்லாத கால்வாயில் மாமா கால் இறங்கிடுச்சு. மூணு மாசம் கட்டு. இரண்டு விரலை எடுத்தாங்க.

நடுவர் ஐயா, நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காட்டில், 2018 மே மாதம் ஊர் பேர் தெரியாத ஒரு மனிதரைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு வயதான அம்மாள், குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்ததற்காகக் கொல்லப்பட்டார். எல்லாம் கைப்பேசியில் ஓடிய வதந்தி. அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் என்ன செய்தது? பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று நாட்டின் முன்னணி நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது! தன் செய்தியை நம்பாதே என்று சொல்ல அதற்கே பேப்பர் தேவைப்பட்டது. (நீண்ட கைதட்டல்) அதே மாதம்தான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு வைத்தார்கள்.

என் அணியையும் ஒரு குத்து குத்திடறேன். இப்போ நம்ம பேப்பர்லயும் டி.வி.யிலயும் ஒரு வார்த்தை வந்திருக்கு. "சமூக வலைத்தளங்களில் பரவி வரும்..." அப்படிப் போட்டுவிட்டால் விசாரிக்க வேண்டியதில்லை. உண்மையா என்று கேட்டால், "பரவுது என்றுதானே சொன்னோம்?" பரவுவதைச் சொல்ல எதற்குப் பத்திரிகை? அம்மை பரவுகிற மாதிரி அதுவே பரவிக்குமே. கைப்பேசி பத்திரிகைக்குச் செய்த பெரிய கெடுதல் விற்பனையைக் குறைத்ததுகூட இல்லை. அவசரத்தைத் தொற்றவைத்ததுதான். மறுபக்கம், இணையத்திலேயே பிறந்த யூடர்ன் போன்ற தமிழ்த் தளங்கள் உட்கார்ந்து பொய்யைச் சரிபார்க்கின்றன. காகிதம் இல்லை, மை இல்லை. ஆனால் நான் அவர்களை என் அணியில்தான் சேர்ப்பேன், நடுவர் மறுக்கக் கூடாது.

ஏரியை எப்போது திறந்திருக்க வேண்டும், யார் தாமதித்தார் என்று 2015 டிசம்பரிலிருந்தே கேள்வி கேட்டு எழுதியது பத்திரிகை. 2018-ல் தணிக்கைத் துறையின் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தபோது, செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் திறந்த விதத்தை அதுவும் குறை சொன்னது. மூணு வருஷம்! எந்த வாட்ஸ்அப் குழு ஒரு விஷயத்தை மூணு வருஷம் நினைவில் வைத்திருக்கு? மறுநாள் காலையில் பூவும் காபியும் போட்டு 'இனிய வணக்கம்' வந்துடும். (சிரிப்பு)

நடுவர் மணியில் கை வைச்சுட்டாங்க. ஒண்ணே ஒண்ணு. மாமா ஆஸ்பத்திரியில் இருந்தப்போ அக்கா மகன் அந்தச் செய்தியை எடுத்து என்கிட்ட காட்டினான். "எவனோ ஒரு பாவி அனுப்பியிருக்கான் மாமா." கீழே பார்த்தேன். "ஏரியில் வேலை பார்க்கும் நண்பர் சொன்னது, நம்பகமான தகவல்." எத்தனை கை மாறி அங்கே போச்சோ, என் வரி அப்படியே இருந்தது. "ஆமாண்டா, பாவி"ன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

இது டி.வி.யில் வரும்போது அக்கா பார்ப்பாங்க. மாமாவும் பக்கத்துல உட்கார்ந்திருப்பார். அக்கா, அது நான்தான்.