பொது ரிமோட்டின் தாளுக்கு ஓர் உரை

கொல்கத்தாவில் சாந்தினி சௌக் மெட்ரோ நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் மின்னணுப் பொருள்களுக்கென்றே ஒரு சந்தை. அங்கே தொலைக்காட்சிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் ஏசிக்கும் ரிமோட் கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். டிவிடி ரெக்கார்டருக்கு என்று கேட்டால் அப்படிக் கிடைப்பது அரிது. அந்தக் கருவி வீடுகளில் வாழ்ந்த காலம் குறுகியது. பயனியர் நிறுவனம் 1999 இறுதியில் ஜப்பானில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் நம் கடைகளில் தேடினாலும் கிடைக்காத பொருளாகிவிட்டது.

கருவி போனாலும் அதில் பதிந்தவை போகவில்லை. லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தில் பெண்ணின் அரங்கேற்றம், வங்காளி வீட்டில் மகாளய விடியலில் தூர்தர்ஷனிலிருந்து பிடித்த நிகழ்ச்சி, இறந்துபோன தாத்தா பேசுகிற ஒரு கல்யாண வீடியோ என்று ஏதோ ஒன்று வட்டிலோ கருவியின் ஹார்ட் டிஸ்க்கிலோ கிடக்கும். ரெக்கார்டரின் முகப்பில் பவர், தட்டைத் திறக்க ஒன்று, ப்ளே, ஸ்டாப், ரெக் எனச் சில பொத்தான்களே இருக்கும். மெனு முழுவதும் ரிமோட்டில்தான். ரிமோட் தொலைந்தால் கருவி நல்ல நிலையில் இருந்தும் பதிவுகள் பூட்டிக் கிடக்கின்றன. யூனிவர்சல் ரிமோட் எனும் பொது ரிமோட்டை இதற்குப் பழக்குவது சில்லறை வேலையல்ல என்று நான் நினைப்பது இதனால்தான்.

அந்த ரிமோட்டோடு பொடி எழுத்தில் மடித்த தாள் ஒன்று வரும். கம்பெனிக்குக் கம்பெனி சொற்கள் மாறினாலும் சாரம் ஒன்றே. அந்தச் சாரத்தைத் தமிழில் ஏழு வரிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் உரை சொல்கிறேன்.

“1. புதிய பேட்டரிகளைப் பொருத்தவும்.”

ரிமோட்டின் மூக்கில் இருக்கும் அகச்சிவப்பு எல்இடி, துடிக்கும் கணங்களில் மட்டும் நிறைய மின்னோட்டத்தை இழுக்கும். பேட்டரி தளர்ந்திருந்தால் மேலே உள்ள சிவப்பு விளக்கு எரியும், அகச்சிவப்பு ஒளி மட்டும் கருவியை எட்டாது. அப்போது சரியான குறியீட்டையே தவறு என்று ஒதுக்கிவிடுவோம். கைபேசியின் முன்பக்கக் கேமராவை எதிரே பிடித்து ரிமோட்டை அழுத்திப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி பெரும்பாலான கைபேசிகளின் திரையில் வெண்மையாகவோ ஊதாவாகவோ மினுங்கும். பழைய மாடல்களில் பேட்டரியைக் கழற்றினாலே நினைவு அழிந்துவிடும் என்பதால் இந்த வரி முதலில் நிற்பது நியாயம்.

“2. கருவியை இயக்கி, அதற்குரிய கருவிப் பொத்தானை அழுத்தவும்.”

டிவி, டிவிடி, விசிஆர், எஸ்டிபி என்று மேல்வரிசையில் பொத்தான்கள் இருக்கும். டிவிடி ரெக்கார்டருக்கு எது? பெயரைப் பார்த்து டிவிடியை அழுத்துவோம். ஆனால் பல பட்டியல்களில் ரெக்கார்டர்களை விசிஆர் தலைப்பின் கீழ்தான் வைத்திருப்பார்கள். பதிவு செய்யும் கருவி என்ற வகையில் அது விசிஆரின் வாரிசு. ரெக் பொத்தானும் டைமரும் அதற்கு அங்கிருந்தே வந்தவை. எனவே இரண்டு தலைப்புகளையும் பார்க்க வேண்டும்.

இப்படி வகை பிரிப்பதற்கு ஒரு பின்னணி உண்டு. ஃபிலிப்ஸ் உருவாக்கிய ஆர்சி-5 என்ற முறையில் ஒவ்வொரு கட்டளையும் 14 பிட்டுகள். தொடக்கத்துக்கு இரண்டு, கருவியின் முகவரிக்கு ஐந்து, கட்டளைக்கு ஆறு. தொலைக்காட்சியின் முகவரி 0, விசிஆருக்கு 5, சிடி பிளேயருக்கு 20. ஒரே அறையில் எல்லாம் ஒரே ஒளியைப் பார்த்தாலும், உறைமேல் தன் முகவரி இருக்கும் கடிதத்தை மட்டும் பிரிப்பதுபோல் ஒவ்வொன்றும் தனக்கு வந்ததற்கு மட்டும் பணிகிறது. மீதமுள்ள ஒரு பிட், பொத்தானை விட்டுவிட்டு மறுபடி அழுத்தினோமா, விடாமல் பிடித்திருக்கிறோமா என்பதைச் சொல்லும்.

“3. சிவப்பு விளக்கு நின்று எரியும்வரை செட் பொத்தானை அழுத்திப் பிடிக்கவும்.”

விளக்கு நின்று எரிந்தால் ரிமோட் கேட்கத் தயார். சில நொடிகள் எதுவும் செய்யாவிட்டால் அணைந்துவிடும். பட்டியலில் எண்ணைத் தேடி எடுத்துக்கொண்டு பிறகு அழுத்துங்கள்.

“4. உங்கள் பிராண்டுக்கு எதிரே உள்ள குறியீடுகளை ஒவ்வொன்றாக இடவும்.”

மூன்று அல்லது நான்கு இலக்க எண். அந்த எண் கருவிக்குப் போவதில்லை என்பதை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். ரிமோட்டின் சிப்புக்குள் நூற்றுக்கணக்கான அட்டவணைகள் இருக்கின்றன. எத்தனையாவது அட்டவணையைத் திறப்பது என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. அதனால்தான் ஒரு கம்பெனி ரிமோட்டின் எண் இன்னொரு கம்பெனி ரிமோட்டில் பயன்படாது. ரிமோட்டின் பெயரைச் சொல்லாமல் எண்ணை மட்டும் யாராவது சொன்னால் அதனால் உதவியில்லை.

அட்டவணை திறந்ததும் நடப்பது வேறு. என்இசி முறையை எடுத்துக்கொள்வோம், ஆசியக் கருவிகளில் மிகப் பரவலானது அது. ஒளி நொடிக்கு 38,000 முறை துடிக்கும். முதலில் 9 மில்லிநொடி நீண்ட துடிப்பு, 4.5 மில்லிநொடி இடைவெளி, பிறகு 32 பிட்டுகள். முகவரி ஒருமுறை, அதையே தலைகீழாக்கி ஒருமுறை. கட்டளை ஒருமுறை, அதுவும் தலைகீழாக ஒருமுறை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கருவி அந்தக் கட்டளையை ஒதுக்கிவிடும். சோனி 40 கிலோஹெர்ட்சில் தன் வழியில் பேசும், பானசோனிக்குக்கு வேறொரு வழி. ஒரே பிராண்டுக்கு எதிரே ஐந்தாறு எண்கள் இருப்பது ஆண்டுக்கு ஆண்டு, மாடலுக்கு மாடல் முகவரி மாறியதால்தான்.

பானசோனிக் ரெக்கார்டர் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு கருவிகள் குழம்பாமலிருக்க, அதன் பல மாடல்களில் ரிமோட் குறியீட்டை 1, 2, 3 என மாற்றி வைக்கும் வசதி இருந்தது. முன்பு யாரோ அதை 2-க்கு மாற்றியிருந்தால் பட்டியலின் சரியான எண்ணுக்கும் கருவி அசையாது. பொத்தானை அழுத்தும்போது முகப்புத் திரையில் டிவிடி என்ற எழுத்தோடு ஓர் எண் தோன்றினால் காரணம் இதுவே.

“5. எதுவும் பொருந்தாவிட்டால் தேடல் முறையைப் பயன்படுத்தவும். கருவி அணைந்ததும் நிறுத்தவும்.”

தாளில் எனக்கு உடன்பாடில்லாத வரி இது. தேடலில் ரிமோட் ஒவ்வொரு அட்டவணையிலிருந்தும் பவர் கட்டளையை மட்டும் எடுத்து வீசிக்கொண்டே போகும். கருவி அணைந்தால் அந்த ஒரு கட்டளை பொருந்தியது என்பதற்கு மேல் எதுவும் நிரூபணமாகவில்லை. ஒரே கம்பெனியின் டிவிடி பிளேயருக்கும் ரெக்கார்டருக்கும் பவர் ஒன்றாக இருந்து மற்றவை மாறியிருக்கலாம். பிளேயரின் அட்டவணை திறந்துகொண்டால் ப்ளே ஓடும், ஸ்டாப் நிற்கும், ரெக் மட்டும் வேலை செய்யாது. ஒரு மாதம் கழித்துப் பதிவு செய்ய முயலும்போதுதான் அது தெரியவரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தொலைக்காட்சி கட்டளை கிடைத்த கணமே அணையும். ரெக்கார்டரோ வட்டை நிறுத்தி, எழுதி முடிக்காததை எழுதி, சில நொடிகள் கழித்தே அணையும். அதற்குள் தேடல் மூன்று நான்கு அட்டவணைகளைத் தாண்டிப் போயிருக்கும். எனவே தானாக ஓடவிடாமல் ஒவ்வோர் அழுத்தமாகப் போங்கள், நடுவில் காத்திருங்கள். காலி வட்டு ஒன்றைப் போட்டு, பவருக்குப் பதில் ரெக் பொத்தானைச் சோதனையாக வையுங்கள். அருகில் உள்ள தொலைக்காட்சியையும் செட்டாப் பாக்ஸையும் பிளக்கிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

“6. அசல் ரிமோட் இருந்தால் கற்கும் முறையில் பதியலாம்.”

அசல் தொலைந்ததால்தானே இந்தப் பாடு என்று இதைத் தாண்டிவிட வேண்டாம். அதே மாடல் உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ இருக்கலாம். அவர்கள் ரிமோட்டை ஒரு மணி நேரம் வாங்கினால் போதும். இரண்டையும் மூக்கோடு மூக்காக, விரலிடை தூரத்தில் வைத்து, ஒவ்வொரு பொத்தானாகப் பதிய வேண்டும். ஜன்னல் வெயிலும் சிஎஃப்எல் விளக்கும் குறுக்கே ஒளி வீசும் என்பதால் அவற்றைத் தவிர்க்கவும். எந்தப் பட்டியலையும்விட இது நம்பகமானது, ஏனென்றால் பட்டியலில் இல்லாத பொத்தான்களும் இதில் வந்துவிடும்.

“7. குறியீட்டைக் குறித்து வைக்கவும். சில பொத்தான்கள் வேலை செய்யாமல் போகலாம்.”

பேட்டரி மூடியின் உள்பக்கம் எண்ணை எழுதி ஒட்டினால் முதல் பாதி முடிந்தது. இரண்டாம் பாதியை எல்லோரும் மேலோட்டமாகப் படிப்பார்கள். ரெக்கார்டர்காரருக்கு அதுதான் தாளின் உயிர்.

வேலை செய்யாமல் போகும் பொத்தான்களில் முதலாவது இன்புட். 2012-ல் கேபிள் டிஜிட்டலாக்கம் தொடங்கிய நான்கு பெருநகரங்களில் கொல்கத்தாவும் ஒன்று. அதன்பின் கேபிள் நிகழ்ச்சிகளை ரெக்கார்டரின் உள் டியூனர் பிடிக்க முடியாமல் போனது. செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்கள் வழியாக வருவதையே அது பதிய முடியும். அதற்கு எல்1 அல்லது ஏவி இன்புட்டுக்கு மாற வேண்டும். பொது ரிமோட்டில் அந்தப் பெயரில் பொத்தான் இல்லாவிட்டால் டிவி/ஏவி பொத்தானை முயலுங்கள். பல மாடல்களில் சேனலை 1-க்கும் கீழே இறக்கினாலும் எல்1 வரும்.

மகாளயம் போன்ற விடியற்காலைப் பதிவுக்கு டைமர் வைப்பவர்கள், பாக்ஸை அதே சேனலில் இரவு முழுதும் இயக்கத்திலேயே விட வேண்டும். ரெக்கார்டர் தானாக விழிக்கும், பாக்ஸை எழுப்ப அதனால் முடியாது. மின்சாரம் போய்வந்தால் கடிகாரம் அழியும் மாடல்களும் இருக்கின்றன. படுக்கும்முன் நேரத்தைச் சரிபார்க்கவும்.

இரண்டாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, ஃபைனலைஸ். ரெக்கார்டரில் எழுதிய டிவிடி-ஆர் வட்டை இந்த முடிப்பு வேலை செய்யாமல் வெளியே எடுத்தால் பெரும்பாலான பிளேயர்களும் கணினிகளும் அதைக் காலி வட்டு என்றே காட்டும். படம் உள்ளே பத்திரமாக இருந்தாலும் எழுதிய கருவி மட்டுமே அதைக் காணும். அந்தக் கருவி செத்தால், மீட்பு மென்பொருளில் முயல வேண்டியதுதான். ஃபைனலைஸுக்குப் பெரும்பாலும் தனிப் பொத்தான் இல்லை. டிஸ்க் மெனு, வட்டு மேலாண்மை என்று உள்ளே போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே புது ரிமோட்டில் முதலில் சோதிக்க வேண்டியவை மெனு, நான்கு அம்புக்குறிகள், ஓகே, ரிட்டர்ன். இவை ஏழும் இயங்கினால் மற்றவை இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். மெனு திறக்காவிட்டால் அந்த எண்ணை விட்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள், ரெக் வேலை செய்தாலும் சரி.

மெனு கிடைத்த அன்றே வீட்டில் முடிக்காமல் கிடக்கும் வட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக ஃபைனலைஸ் செய்துவிடுங்கள். ஒரு வட்டுக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும், குறைவாக எழுதிய வட்டுக்கு இன்னும் அதிகம். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் வட்டு கெட்டுப்போகலாம். கால்பைசாகி புயல் மாலைகளில் இந்த வேலை வேண்டாம். இன்வெர்ட்டர் இருந்தால் ரெக்கார்டரை அதன் லைனில் இணைத்துச் செய்யுங்கள்.