பர்கண்டி: ஒரு பெயரும் பல நாடுகளும்

ஆங்கில வரலாற்று நூல்கள் பர்கண்டி என்று குறிக்கும் நாட்டைப் பிரெஞ்சு மக்கள் பூர்கோஞ் என்பர். அந்நாட்டார் சொல்லுமாறே ஆங்கிலத்திலும் எழுதுதல் முறை என்றும், பர்கண்டி என்பது ஆங்கிலேயர் நாவிற் சிதைந்த வடிவம் என்றும் கருதுவார் உளர். இக்கருத்துப் பொருந்துமா என்பதைப் பெயரின் வரலாறே காட்டும்.

பர்கண்டியர் என்போர் ஜெர்மானிய இனத்தார். கி.பி. 443-இல் உரோமப் பேரரசு அவர்களைச் சபௌதியா என்னும் பகுதியிற் குடியமர்த்தியது. பின்னர் அவர்கள் லியோன், ஜெனீவா ஆகிய நகரங்களைக் கொண்டு அரசு செலுத்தினர். 534-இல் பிராங்கியர் அவ்வரசை வென்றனர். அரசு மறைந்தது, பெயர் மறையவில்லை. இலத்தீனில் அந்நாடு புர்குண்டியா எனப்பட்டது. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லின் இடையிலிருந்த டகர ஒலி நாளடைவில் தேய்ந்து, பூர்கோஞ் என்றாயிற்று. ஆங்கிலமோ இலத்தீன் வடிவத்தைத் தழுவி அவ்வொலியைக் காத்துக்கொண்டது. எனவே, இவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று மற்றொன்றின் சிதைவு அன்று. ஆங்கில நடையிற் பர்கண்டி என எழுதுவது பிழையாகாது.

பிழை நேர்வது பெயரின் வடிவத்திலன்று, பொருளிலேயாம். 843-இல் ஏற்பட்ட வெர்தூன் உடன்படிக்கை பழைய பர்கண்டியைப் பிளந்தது. சோன் ஆற்றுக்கு மேற்கே டியூக்குகள் ஆண்ட பர்கண்டி, பிரெஞ்சு மன்னருக்கு உட்பட்டது. கிழக்கே 888-இல் பர்கண்டி அரசு ஒன்று தோன்றியது. அதன் கடைசி மன்னர் 1032-இல் இறந்தபின் அது ஜெர்மானியப் பேரரசருக்கு உரியதாயிற்று. அப்பக்கத்திலேயே கவுண்டுகள் ஆண்ட மற்றொரு பர்கண்டியும் இருந்தது. பிராஞ்ச்-கோன்தே எனப்படும் அது 1678-இல்தான் முடிவாகப் பிரான்சைச் சேர்ந்தது.

1363-இல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஜான் மேற்குப் பர்கண்டியைத் தம் இளைய மகன் பிலிப்புக்கு அளித்தார். 1384-இல் மனைவி வழியாகப் பிலிப்புக்குப் பிளாண்டர்ஸ் முதலிய நாடுகளும் கிடைத்தன. அதுமுதல் ‘பர்கண்டி’ என்பது டியூக்கின் ஆட்சிக்குட்பட்ட தாழ்நில நாடுகளையும் குறிக்கலாயிற்று. 1477-இல் டியூக் சார்லஸ் நான்சிப் போரில் மாண்டார். பிரெஞ்சு மன்னர் பதினொன்றாம் லூயி பழைய பர்கண்டியைக் கைப்பற்றிக்கொண்டார். தாழ்நிலங்களோ சார்லஸின் மகள் மேரியிடமே நின்றன. பர்கண்டி என்னும் பட்டமும் அவள் மரபை விட்டு நீங்கவில்லை.

இங்கேதான் மாணவர் இடறுகின்றனர். இங்கிலாந்தின் ஏழாம் ஹென்றியை எதிர்த்து அரசுரிமை கோரிய பெர்க்கின் வார்பெக்குக்குப் பர்கண்டி டச்சஸ் மார்கரெட் ஆதரவளித்தாள் என்று பாடநூல் கூறும். மாணவன் நிலப்படத்தை விரித்து, பிரான்சின் டிஜோன் நகரைச் சுட்டுவான். ஆயின், சார்லஸின் கைம்பெண்ணாகிய மார்கரெட் வாழ்ந்ததும் 1503-இல் இறந்ததும், இன்றைய பெல்ஜியத்திலுள்ள மெக்கெலன் நகரில். பெயரைச் சரியாக எழுதியும் நாட்டைத் தவறாக அறிந்தவனாகிறான். ஆங்கில வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பிரைஸ், தூய உரோமப் பேரரசு பற்றிய தம் நூலின் பின்னிணைப்பில் இப்பெயரின் பத்துப் பொருள்களை வரிசைப்படுத்தியதன் காரணம் இதுவே.

பிரெஞ்சுப் புரட்சியை அடுத்து, 1790-இல் பழைய மாகாணங்கள் நீக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் ஒரு வட்டாரத்தின் பெயராகப் பூர்கோஞ் மீண்டும் வந்தது. 2016 ஜனவரி முதல் நாள், பூர்கோஞும் பிராஞ்ச்-கோன்தேயும் ஒரே வட்டாரமாக இணைந்தன. ஆகவே, இன்றைய ஆட்சிப்பகுதியைக் குறிக்குங்கால் ஆங்கிலத்திலும் பூர்கோஞ்-பிராஞ்ச்-கோன்தே என்னும் முழுப்பெயரே தக்கது. பர்கண்டி என்று மட்டும் எழுதினால் பாதி நாடு விடுபடும். பழைய டியூக்குகளைப் பற்றி எழுதுங்கால் பர்கண்டி என்பதே ஆங்கில மரபு. திராட்சை மதுவின் சீட்டில் அச்சிட்ட பெயரை எடுத்துக்காட்டும்போது, உள்ளவாறே பூர்கோஞ் என எழுதவேண்டும். கருஞ்சிவப்பு நிறத்தைக் குறிக்கும்போது அச்சொல் ஆங்கிலத்திற் பெரும்பாலும் சிற்றெழுத்தில் தொடங்கும். அந்நாட்டில் வெள்ளை மதுவும் புகழ்பெற்றதே என்பது வேறு செய்தி.

பர்கண்டி என்னும் பெயரைக் காணும் மாணவன் முதலிற் கேட்கவேண்டிய வினா, ‘எந்த ஆண்டு?’ என்பதாகும். ஆண்டு தெரிந்தால் நாடு தெரியும். நாடு தெரிந்தால், எழுதவேண்டிய வடிவமும் தானே விளங்கும்.