அலிப்பூர் சிறையின் மேல் வகுப்பும் கீழ் வகுப்பும்

தென் கொல்கத்தாவில் உள்ள அலிப்பூர், 18ஆம் நூற்றாண்டிலிருந்தே பெரிய மனிதர்கள் வாழ்ந்த பகுதி. 1760இல் பதவி பறிக்கப்பட்ட வங்காள நவாப் மீர் ஜாபர் இங்கே வந்து தங்கினார். வாரன் ஹேஸ்டிங்ஸ் இங்கே மாளிகை கட்டிக்கொண்டார். இன்று தேசிய நூலகம் இருக்கும் பெல்வெடியர் வளாகம், 1854 முதல் 1912 வரை வங்காளத் துணை ஆளுநரின் இருப்பிடமாக இருந்தது. இந்த மாளிகைகளிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில்தான் அலிப்பூரின் சிறைகளும் இருந்தன. சமூகத்தில் வழக்கமாக இருந்த ஏற்றத்தாழ்வு, அந்தச் சிறைகளுக்குள் எழுத்தில் இருந்த விதி.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறைகளில் முதலில் பார்க்கப்பட்டது நிறம். ஐரோப்பியக் கைதிக்குத் தனி இடம், தனி உணவு, தனி உடை. இந்தியருக்குள் படித்தவர், பாமரர் என்ற வேறுபாடு பெரும்பாலும் பார்க்கப்படவில்லை. வெடிகுண்டு வழக்கில் 1908 மே மாதம் அலிப்பூரில் அடைக்கப்பட்ட அரவிந்தர் கேம்பிரிட்ஜில் படித்தவர். அவருக்குக் கிடைத்தது 9 அடி நீளமும் 5, 6 அடி அகலமும் கொண்ட, ஜன்னல் இல்லாத அறை. முகம் கழுவ, குளிக்க, பருப்பு வாங்க, தண்ணீர் குடிக்க எல்லாவற்றுக்கும் ஒரே கிண்ணம். சாதி பார்க்காத அந்தக் கிண்ணத்தைத் தம் சிறை நினைவுகளில் அவர் கிண்டலாகப் பாராட்டியிருக்கிறார். அதே ஆண்டில் தண்டனை பெற்ற வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார்.

இந்த நிலையை மாற்றக் கோரியவர்களில் ஒருவர் கொல்கத்தாவைச் சேர்ந்த ஜதீந்திரநாத் தாஸ். லாகூர்ச் சிறையில் 63 நாள் உண்ணாவிரதம் இருந்து 1929 செப்டம்பர் 13 அன்று உயிர்விட்டார். அரசியல் கைதிகளை அரசியல் கைதிகளாகவே நடத்த வேண்டும் என்பது உண்ணாவிரதம் இருந்தவர்களின் கோரிக்கை. 1930 பிப்ரவரியில் அரசு கொடுத்த பதில் வேறு. அரசியல் கைதி என்ற பிரிவை அது ஏற்கவில்லை. கைதிகளை ஏ, பி, சி என மூன்று வகுப்பாக்கி, சமூக அந்தஸ்து, கல்வி, பழகிய வாழ்க்கைமுறை ஆகியவற்றை அளவுகோலாக வைத்தது. எந்த இனத்தவரும் மேல் வகுப்புக்குத் தகுதி பெறலாம் என்றது. நிறவேறுபாடு தாளில் நீங்கியது. அந்த இடத்தில் வர்க்க வேறுபாடு உட்கார்ந்தது. ஒருவர் உயர்ந்த வாழ்க்கைமுறைக்குப் பழகியவரா என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கூடக் கேட்டதில்லை, சிறைவிதி கேட்டது.

ஒரே சட்டத்தை ஒரே நாளில் மீறிய இருவரில் வக்கீல் ஏ வகுப்புக்கும் உழவர் சி வகுப்புக்கும் போகலாம் என்ற நிலை வந்தது. முன்னவருக்கு நாற்காலி, புத்தகம், நல்ல சாப்பாடு, அடிக்கடி கடிதம். பின்னவர் கடிதத்துக்கும் நேர்காணலுக்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1930க்கும் 1934க்கும் இடையே அலிப்பூரில் இருந்த சுபாஷ் சந்திர போஸ், பிதான் சந்திர ராய், நேரு ஆகியோர் மேல் வகுப்பின் வரையறைக்குள் எளிதில் அடங்கக்கூடியவர்கள். ஆனால் சட்டமறுப்பு இயக்கத்தில் சிறைசென்றவர்களில் பெரும்பாலோர் சி வகுப்பினர். இயக்கத்தைப் பிளக்கச் சிறை அதிகாரிகள் தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. தட்டில் விழுந்த சோறே அதைச் செய்யப் போதுமானதாக இருந்தது.

சிறைக்குள் சாதி தனிக் கணக்கில் ஓடியது. சமையலும் அறைக்குச் சோறு கொண்டுபோவதும் பொருத்தமான சாதிக் கைதிகளின் வேலை. துப்புரவுக்கு மேத்தர், ஹாடி, சண்டாளர் போன்ற சாதியாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகும் மேற்கு வங்கச் சிறை விதித்தொகுப்பில் இந்த விதிகள் இருந்தன.

அலிப்பூர் மத்தியச் சிறை 2019இல் மூடப்பட்டது. கைதிகள் பாருய்பூருக்கு மாற்றப்பட்டனர். 2022இல் அந்தக் கட்டடம் சுதந்திரப் போராட்ட அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. சிறைகளில் சாதிப் பாகுபாட்டை எதிர்த்துப் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேற்கு வங்க விதிகளும் பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்த வழக்கமும் அதில் பேசப்பட்டன. சாதி அடிப்படையிலான விதிகள் செல்லாது என்ற நீதிமன்றம், கைதிகளின் பதிவேட்டிலிருந்து சாதிக் கட்டத்தை நீக்கவும் மூன்று மாதத்துக்குள் விதிகளைத் திருத்தவும் உத்தரவிட்டது. வாழ்க்கைமுறையை வைத்து வகுப்பு பிரிப்பது அந்த வழக்கின் பொருளாக இருக்கவில்லை.