காணாத தீவின் கானம்

கச்சேரியின் நடுவே தவளை கத்தினால் நாம் முகம் சுளிப்போம். ஆனால், தவளைகளின் தயவால் புகழ் பெற்ற இசையும் ஒன்றுண்டு. அதன் வரலாற்றையே இன்று கூற விழைகிறேன்.

பசிபிக் மாகடலின் நடுவே அமைந்த ஹவாய்த் தீவுகளின் தலைநகர் ஹொனலூலு. நியூயார்க்கில் 1911-இல் பிறந்த பியானோக் கலைஞர் மார்ட்டின் டென்னி, 1950-களின் நடுவில் அந்நகரத்து விடுதியொன்றில் தம் குழுவினருடன் வாசித்து வந்தார். மேடையருகே ஒரு குளம். ஓர் இரவு, வாசிப்புத் தொடங்கியதும் குளத்துத் தவளைகள் கத்தின. வாசிப்பு நின்றதும் அவையும் அடங்கின. குழுவினரான ஆகி கொலோன் வேடிக்கையாகப் பறவைபோல் கூவினார். பின்னர் வந்தோர், பறவையும் தவளையும் சேர்ந்த அந்தப் பாட்டே வேண்டுமென்றனர். இப்பாணியில் 1957-இல் வெளிவந்த இசைத்தட்டின் பெயர் 'எக்ஸாட்டிகா'. அயல்நாட்டு விந்தை என்பது அதன் பொருள். அப்பெயரே இவ்விசை வகைக்கும் நிலைத்தது.

அத்தட்டில் புகழ் பெற்ற 'குவயட் வில்லேஜ்' என்னும் உருப்படி, லெஸ் பாக்ஸ்டர் 1951-இல் வெளியிட்டது. டென்னியின் தட்டு 1959-இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் எய்தியது. ஹவாய், அமெரிக்காவின் மாநிலமானதும் அவ்வாண்டிலேதான். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளைக் கண்டு திரும்பிய வீரர்களின் நினைவுகளும், அவற்றைக் காணாதோரின் கற்பனையும் அவ்வேட்கையை வளர்த்தன எனலாம்.

ஆயினும், அதில் ஒலிப்பது எந்தத் தீவின் இசை? பர்மிய மணித்தட்டு, ஜப்பானிய கோட்டோ, அமெரிக்கப் பியானோ ஆகியவை கூடிப் பிறந்த அவ்விசைக்குச் சொந்த ஊர் கிடையாது. ஹவாய் மக்களுக்கோ 'மெலே' என்னும் பழம்பாட்டும், 'ஹுலா' என்னும் ஆடலும் உண்டு. 1896-ஆம் ஆண்டுச் சட்டமொன்று அவர்தம் தாய்மொழியைப் பள்ளிகளின் பயிற்றுமொழி நிலையிலிருந்து அகற்றியது. கனவுத் தீவின் இசை பல்லாயிரம் வீடுகளில் ஒலித்த காலத்தில், உண்மைத் தீவின் மொழி அதன் பள்ளிகளின் பயிற்றுமொழியாக இல்லை! 1978-இல்தான் அம்மொழி மீண்டும் ஆட்சிமொழி உரிமை பெற்றது.

அதே 1978-இல் டோக்கியோவின் 'எல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா' குழுவினர், டென்னியின் 'ஃபயர்கிராக்கர்' என்னும் உருப்படியை மின்னணுக் கருவிகளில் வாசித்தனர். கீழ்த்திசையைக் கற்பனை செய்த மேல்திசை இசையைக் கீழ்த்திசையினரே எடுத்து விளையாடினர்.

அவ்விசை கேட்கும்போது என் மனமும் மயங்குவதை மறைப்பதற்கில்லை. காணாத இடத்தை நாடுவது மனித இயல்பன்றோ? இளைஞர்களே, நீங்களும் கேட்டு மகிழுங்கள். ஆனால், அத்துடன் நின்றுவிடாதீர்கள். ஹவாய் மக்கள் தம் மொழியில் பாடும் மெலேயையும் ஒருமுறை தேடிக் கேளுங்கள்.